தம்பியின் போர்ட்டுக்கு நான் செய்த கேஜ்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உத்தனப்பள்ளி வீட்டில் இருந்தவர்கள் நானும் அப்பாவும்தான். அம்மா இல்லை, தம்பி இல்லை. இருவரும் விடிந்ததும் சாமல்பட்டிக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டு எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். அப்பாவுக்கு அந்த வாரம் முழங்கால் வலி, பஸ் மாறி மாறிப் போக முடியாது. பெங்களூரிலிருந்து வந்து தன் பைக்கின் சிலிண்டர் ஹெட்டை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனவரும் இல்லை. அவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார். ஹெட் மட்டும் இருந்தது, சமையலறையை ஒட்டிய தகரச் சாய்ப்பில், தம்பியின் மேசைமேல், பழைய லுங்கி போர்த்தியபடி.

என்னையும் கூப்பிட்டார்கள். ஷிப்ட் இருக்கிறது என்றேன். எனக்கு அன்று ஷிப்ட் இல்லை.

தம்பி செய்யும் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என்ஜினின் மேல்பாகம்தான் ஹெட். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போக அதில் ஒரு வழி உண்டு, எரிந்த புகை வெளியே வர இன்னொரு வழி. இவற்றைத்தான் போர்ட் என்கிறோம். வார்த்து எடுத்த ஹெட்டில் இந்த வழிகளின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும், வளைவில் புடைத்துக்கொண்டும் இருக்கும். அந்தப் புடைப்பை அளவாகச் சீவி எடுத்தால் என்ஜின் தாராளமாக மூச்சு விடும், வண்டி நன்றாக இழுக்கும். தம்பி இதைக் கையில் பிடிக்கும் கிரைண்டரை வைத்தே செய்கிறான். ஆணியில் ஒரு மோட்டார் தொங்கும். அதிலிருந்து பாம்பு மாதிரி ஒரு குழாய் இறங்கி வரும், அதன் முனையில் பேனா பருமனில் ஒரு பிடி, பிடியின் நுனியில் பல் பல்லாக வெட்டும் முனை. அலுமினியம் பல்லில் ஒட்டாமல் இருக்க அதை மெழுகுவத்தியில் ஒரு முறை தொட்டுக்கொள்வான். காலால் பெடலை அழுத்துவான். பத்து எண்ணுவதற்குள் நிறுத்திவிட்டுச் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பான். பிறகு மறுபடியும் பெடல். அம்மா ராகி மாவுச் சட்டியை இரண்டு மூடி போட்டு வைத்திருப்பாள். அப்படியும் களியில் வெள்ளிப் பொடி மின்னும்.

அவன் பத்தாவதில் கணக்கில் தவறியவன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு டூ வீலர் பட்டறையில் சேர்ந்து, வீட்டில் இந்த மேசையைப் போட்டுக்கொண்டான். நான் பி.இ. மெக்கானிக்கல். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அப்பாவும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் மற்றவர்கள் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அம்மா இப்போதும் ரோஜாத் தோட்டத்துக் கூடாரத்தில் பூ அறுக்கப் போகிறாள். என்னைப் படிக்க வைக்க இருந்த கால் ஏக்கரை விற்றார்கள். நான் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டுகள் என் கை வழியாகப் போகும். ஒவ்வொன்றிலும் கேஜ் என்கிற அளவுக் கட்டையைச் செருகிப் பார்க்க வேண்டும். போக வேண்டிய முனை உள்ளே போனால் சரி. போகக் கூடாத முனை போய்விட்டால் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். கவனமாகத்தான் செய்கிறேன். ஆனால் என் வேலையைத் தேடி ஒருவரும் ஓசூர் தாண்டி வந்ததில்லை.

தம்பியைத் தேடி வந்தார்கள். அத்திப்பள்ளி, ஆனேக்கல், பெங்களூர் என்று எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து கன்னடம் பேசிக்கொண்டு, ஹெட்டைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருவது போல.

அதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது அப்பாவின் டார்ச். சாயங்காலம் லாரியில் மூட்டை ஏற்றிவிட்டு வருவார், கை கால் கழுவுவார், நேராகச் சாய்ப்புக்குப் போய்த் தம்பி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து போர்ட்டுக்குள் வெளிச்சம் காட்டுவார். தம்பி ஹெட்டைத் திருப்புவதற்கு முன்னாலேயே வெளிச்சம் திரும்பிவிடும். இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒரு நாள்கூட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை. “படிக்கிறான், சும்மா இருங்க” என்று எல்லாரையும் அடக்கிவிட்டு அவரும் வெளியே போய்விடுவார். அது மரியாதை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

பெங்களூர்க்காரரின் ஹெட் இரண்டு சிலிண்டர் வண்டியுடையது. வெளிநாட்டு வண்டி, தண்ணீரால் குளிர்விக்கும் வகை, போர்ட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். காற்று உள்ளே போக ஒரே மாதிரியான இரண்டு போர்ட்டுகள் பக்கத்தில் பக்கத்தில். செவ்வாய்க்கிழமை தம்பி முதல் போர்ட்டை முடித்தான். வியாழக்கிழமை அவர் கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் பார்க்க வந்தார். மொபைல் லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தார்.

“ஏன் குரு, இது கையிலயே பண்ணதா?” கன்னட வழக்கில் தம்பியைக் குரு என்றுதான் கூப்பிடுவார்.

“கையிலதாண்ணா.”

“பெங்களூர்ல மிஷின் வெச்சிருக்கவன் எனக்கு இவ்ளோ நீட்டா பண்ணித் தரல.”

அப்பாவுக்கு வாய் மூடவில்லை. தம்பி என்னைக் காட்டி, “இவரு எங்கண்ணன். பி.இ. படிச்சவரு, கம்பெனில குவாலிட்டி” என்றான். உண்மையிலேயே பெருமையாகத்தான் சொன்னான். அவர் போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எனக்குக் கை கொடுத்தார். “வெரி குட் வெரி குட்” என்றார். பிறகு, “பிரதர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று என்னைத்தான் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சொன்னதுதான் பெரிய விஷயம். அவர் கூட வண்டி ஓட்டுகிறவர்கள் நான்கு பேர், எல்லாரிடமும் இதே வண்டி. இந்த ஹெட் நன்றாக வந்தால் நான்கும் தம்பியிடம் வரும். அப்புறம் அவர்கள் மூலமாக இன்னும் வரும். தம்பி இப்படி வேலை வரும் என்று நம்பி ஏற்கெனவே சூளகிரியில் ஹைவே ஓரம் ஒரு ஷட்டர் கடையைப் பார்த்து, பட்டறையில் சேர்த்த பத்தாயிரத்தை டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்திருந்தான். மிச்ச அட்வான்ஸை அந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். கட்டினால் சொந்தக் கடை, கட்டாவிட்டால் டோக்கன் போகும்.

அவர் போனபின் அப்பா கேட்டார். “கடை போட்டா போர்டுல இன்னா பேருடா வெப்ப?”

“அண்ணன் பேரத்தான் வெக்கணும். பின்னால பி.இ.ன்னு போட்டா போர்டு ரொம்பும்.”

“அப்ப உன் பேரு?”

“நான் உள்ள ஒக்காந்து பொடி தின்னுக்கினு இருக்கறேன்.”

அம்மாகூடச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெயர் போர்டில் இருக்கட்டும், ஹெட் தன் கையில் இருக்கட்டும் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். விளையாட்டுக்குச் சொன்னான் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்துதான் இருந்தது.

“ரெண்டாவது போர்ட்டை எப்ப முடிக்கப் போற?” என்று கேட்டேன்.

“அது கொஞ்சம் வேற மாதிரி இருக்குதுண்ணா. நெதானமா பண்ணணும். ஞாயித்துக்கிழம போய்ட்டு வந்து பாக்கறேன்.”

“வேற மாதிரின்னா? ரெண்டும் ஒரே டிராயிங்தானடா.”

“டிராயிங் ஒண்ணுதான். வார்ப்பு ஒண்ணா வருமா?”

“விரல வெச்சு பாத்தா எல்லாம் வேற மாதிரிதான் தெரியும். கேஜ் வெச்சுப் பண்ணு. முதல்ல பண்ணதுக்கும் ரெண்டாவது பண்ணதுக்கும் நூல் வித்தியாசம் வரக் கூடாது. அதான் வேலை.”

“சரிண்ணா.”

அவன் எப்போதும் சரிண்ணா என்பான். வாதாடியிருந்தால் எனக்குப் பாதி கோபம் போயிருக்கும்.

மறுநாள் நான் கேஜ் செய்தேன். எங்கள் பிரிவில் உள்வளைவுகளை அளக்க ஒரு ரப்பர்க் களிம்பு உண்டு. ஊற்றினால் இறுகும், உருவி எடுத்தால் உள்வடிவம் அப்படியே வரும். தீரப்போகிற ஒரு டப்பாவைக் கேட்டு வாங்கி வந்து தம்பியின் முதல் போர்ட்டை அச்சு எடுத்தேன். மூன்று ஆழங்களில் அளந்து, கழித்துப்போட்ட நைலான் துண்டில் மூன்று வட்டுகளை அரம் போட்டுத் தேய்த்து, கம்பியில் கோத்தேன். அழகாக வந்தது. இரண்டாவது போர்ட்டை இந்தக் கேஜ் வைத்து நானே முடித்து, சாமல்பட்டியிலிருந்து வருகிறவனிடம் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவனுக்கு உதவி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டியது வேறு. விரலுக்குத் தெரிவதை என் படிப்பும் செய்யும் என்று அப்பா ஒரு தடவை தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஞாயிறு காலை பால் கறந்துவிட்டு வந்த அப்பா, நான் லுங்கியை விலக்கி ஹெட்டை வைஸ் இடுக்கியில் பூட்டுவதைப் பார்த்தார்.

“இன்னாடா பண்ற?”

“ரெண்டாவத முடிச்சு வெக்கறேன்ப்பா. அவனுக்கு வேலை மிச்சம்.”

“அவன் வந்துரட்டுமே. சாயங்காலம் வந்துருவான்.”

“அளவெல்லாம் எடுத்துட்டேன். அதே அளவுதான். தப்பு ஆவாது.”

கேஜைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நீ பண்ணதா?”

“ஆமா.”

“நல்லா இருக்குது” என்றார். முக்காலியை இழுத்துப் போட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். நான் சந்தோஷமாக இருந்தேன். கிரைண்டர் கைக்கு அடங்கவில்லை, விளிம்பில் பட்டுத் துள்ளியது, மணிக்கட்டு விட்டுப்போனது. ஆனால் பக்கத்தில் அப்பாவின் மூச்சு கேட்டது. கொஞ்சம் வெட்டுவேன், கேஜ் விடுவேன். போகாது. இன்னும் கொஞ்சம். முதல் வட்டு போனது. இரண்டாவது போனது. நான் ஒரு தடவையும் விரலை உள்ளே விடவில்லை. அதில் ஒரு வீம்பு இருந்தது. மூன்றாவது வட்டு வளைவின் அடியில் இடித்து நின்றது. ஒரு மயிரிழை எடுத்தால் போதும் என்று தோன்றியது. எடுத்தேன். மறுபடியும் எடுத்தேன். கீச்சென்று சத்தம் மெலிந்தது.

“சத்தம் மாறுதுடா” என்றார் அப்பா.

“முனை மழுங்கிருக்கும்.”

கேஜ் விட்டேன். மூன்றாவது வட்டும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. ஆடவில்லை, இறுக்கவில்லை. கம்பெனியில் அப்படி உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு பச்சைத் தொட்டியில் போடுவேன். “பாருப்பா” என்றேன்.

அவர் குனிந்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். “உள்ள ஒரு புள்ளி தெரியுதே.”

கடுகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. பொடி ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. ஊதினேன். பிறகு, ஏன் என்று நினைக்காமலே, ஹெட்டில் தண்ணீர் சுற்றும் துளையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். புள்ளி இருந்த இடத்தில் தண்ணீர் முத்தாகத் திரண்டு, பெரிதாகி, போர்ட்டுக்குள் வழிந்தது. இன்னொரு முத்து திரண்டது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா டார்ச்சை அணைத்தார். “பேட்டரி தீந்துரும்” என்றார். எழுந்து பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

தம்பி நான்கு மணிக்கு வந்தான். கையில் சீர் வீட்டு லட்டுப் பை. நான் சாய்ப்பிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். ஹெட்டைப் பார்த்தான். சுண்டுவிரலை உள்ளே விட்டான். விரல் ஒரு இடத்தில் நின்றது.

“கேஜ் வெச்சியா?”

எடுத்துக் கொடுத்தேன். முதல் போர்ட்டில் விட்டுப் பார்த்தான், இரண்டாவதில் விட்டுப் பார்த்தான். “கேஜ் கரெக்டாதாண்ணா இருக்குது” என்றான். கேலி இல்லை. வேலைக்காரன் வேலைக்காரனிடம் சொல்கிற மாதிரி சொன்னான். “ஆனா இந்தப் பக்கம் சுவரு மெலிசு. அதான் விட்டுட்டுப் போனேன்.”

“உள்ள இருக்கற சுவரு உனக்கு எப்பிடித் தெரியும்?”

சின்ன ஸ்பேனரை எடுத்து முதல் போர்ட்டின் அடியில் தட்டினான், பிறகு இரண்டாவதன் அடியில். “கேக்குதா?”

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. வாசலில் நின்றிருந்த அப்பா, “ஆமா, ரெண்டாவது தகரம் மாதிரி இருக்குது” என்றார். ஸ்பேனரை வாங்கி நானும் தட்டினேன், அப்போதும் ஒன்றாகத்தான் கேட்டது. அவருக்கும் கேட்கிறது. அவர்கள் இரண்டு பேருக்கும் கேட்கிறது.

வழியின் அகலத்தை மட்டும் அளந்தவன் நான். வெட்டி எடுத்தபின் சுவரில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை அந்தக் கேஜ் சொல்லாது. ஒரே கேஜ், ஒரே முடிவு என்று நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிறவனுக்குத்தான் இந்தத் தப்பு வரும். கம்பெனியில் என் முன்னால் வரும் துண்டுகளின் சுவரை வேறு யாரோ முன்பே பார்த்திருப்பார்கள்.

தம்பி உடனே பெங்களூர்க்காரருக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணா, ஹெட் போயிருச்சுண்ணா. ரெண்டாவது போர்ட்ல ஓட்டை விழுந்து தண்ணி ஜாக்கெட் வரைக்கும் போயிருச்சு.”

“ஏனாயித்து? என்னாச்சு, எப்பிடி?” என்றார் அவர்.

“எங்க வீட்ல ஆச்சுண்ணா. எங்க தப்பு. வேற ஹெட் நான் வாங்கித் தரேன்.”

“நீ பண்ணிருக்க மாட்ட. யார் தொட்டாங்க?”

அவர் இவனை இரண்டே தடவை பார்த்தவர். என் வேலையைப் பார்க்காமலேயே, இது நீ செய்ததாக இருக்காது என்று இதுவரை யாரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. பார்த்துவிட்டும் சொன்னதில்லை. தப்பு நடந்த இடத்தில்கூட அவன் பெயருக்கு மதிப்பு ஏறுகிறது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைக்க எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. தம்பி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான். அந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே போகட்டுமா என்று போனைப் பிடுங்கினேன்.

“நான்தான் சார் பண்ணேன்.”

“நீங்க யாரு?”

“அண்ணன். வியாழக்கிழமை தண்ணி குடுத்தேனே.”

“ஓ” என்றார். “பிரதர்கிட்ட குடுங்க.”

வெல்டிங் வைத்துப் பார்க்கலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு ஓசூரில் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஓட்டை அடைந்தது, ஆனால் சூட்டில் ஹெட் நெளிந்துவிட்டது. தம்பி அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்தான். சுவரை வெர்னியர் அளவுகோல் வைத்து நான் அளந்தேன். முதல் போர்ட்டின் அடியில் தம்பி சீவிய பிறகும் நாலரை மில்லி இருந்தது. இரண்டாவதில், நான் தொடாத ஓரத்தில்கூட இரண்டுக்குக் கீழேதான். எண்ணைச் சொன்னேன். “ம்” என்றான். அவனுக்கு அது புதுச் செய்தி இல்லை.

அதே வண்டியின் பழைய ஹெட் ஒன்று புனேயில் கிடைத்தது. என் சேமிப்பையும், கடைக்கு மிச்ச அட்வான்ஸ் கட்ட அவன் எடுத்து வைத்திருந்ததையும் போட்டு, போதாததற்குக் கடன் சொல்லி வாங்கினோம். அதில் இரண்டு போர்ட்டையும் அவன் மூன்று சாயங்காலங்களில் முடித்தான். நான் அந்தப் பக்கம் போகவில்லை. உள்ளே உட்கார்ந்து மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே அழுத்துகிறான், எங்கே விடுகிறான் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பெங்களூர்க்காரர் வந்து ஹெட்டை எடுத்துக்கொண்டு போனார். நண்பர்களின் நான்கு ஹெட்டும் ஒவ்வொன்றாக வரும் என்று தம்பியிடம் சொன்னார். வரவும் செய்தன, சாய்ப்புக்கு.

ஆனால் மாதக் கடைசி தாண்டிவிட்டது. சூளகிரிக் கடையில் இப்போது வேறொருவர் பஞ்சர் ஒட்டுகிறார், டோக்கன் திரும்பி வரவில்லை. தம்பி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இன்றைக்கும் அவனைத் தேடி யாராவது வந்து வாசலில் வண்டியை நிறுத்தினால் என் வயிறு எரிகிறது. செய்த தப்பு பொறாமையைக் குறைக்கும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை.

போன வாரம் அந்தக் கடனையும் கட்டி முடித்தோம். பழைய ஹெட், அதைக் கொண்டுவந்த லாரிக்கூலி, பயன்படாமல் போன வெல்டிங், புதிய கேஸ்கெட்டுகள், திரும்பி வராத டோக்கன் எல்லாம் சேர்த்து எங்கள் வீட்டுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையால் எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய் செலவு ஆனது.